பொசகோனசோல் 100 மி.கி. மாத்திரை: மாற்றுச் சிறுநீரகக்காரர்களுக்கு எப்படி?

மாற்றுச் சிறுநீரகம் வைத்தவருக்குக் கரும்பூஞ்சை வந்தால் முதலில் ஏறுவது ஆம்போடெரிசின் ஊசி. அது முடிந்தபின் மாதக்கணக்கில் எழுதித் தருவது பெரும்பாலும் பொசகோனசோல் என்ற பூஞ்சை மருந்துதான். இன்னொரு பூஞ்சை மருந்தான வோரிகோனசோல் கரும்பூஞ்சையிடம் எடுபடாது.

சிரப்பா, மாத்திரையா என்றால் தயங்காமல் மாத்திரை. சிரப்பைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு, நாளுக்கு 2 முதல் 4 வேளை குடிக்க வேண்டும். ஸ்டீராய்டுக்குத் துணையாக, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் போடுகிறவருக்குச் சிரப் சரியாக உடம்பில் சேராது. நிராகரிப்பைத் தடுக்கும் மைகோபினோலேட்டால் பேதி இருந்தால் இன்னும் குறையும். மாத்திரைக்கு இந்தத் தொல்லை குறைவு: முதல் நாள் மும்மூன்றாக 2 வேளை, பிறகு தினம் ஒரே வேளை 3. முதல் 30 நாளுக்கு 93 மாத்திரை. விலையும் அதற்கேற்ப இருக்கும். உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மேல்பூச்சு குடலில் கரைவதற்காகப் போட்டது. சிரப்பின் மில்லிகிராம் கணக்கை மாத்திரைக்கு அப்படியே மாற்றவும் முடியாது.

பெரிய சிக்கல், மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ். அதை உடைக்கும் கல்லீரல் நொதியைப் பொசகோனசோல் கட்டிப்போடுகிறது. அதனால் தொடங்கும் நாளிலேயே டாக்ரோலிமஸை மருத்துவர் மூன்றில் ஒரு பங்காகக் குறைப்பார்: காலை 3, இரவு 3 மி.கி. என்றால் 1, 1. குறைக்காமல் விட்டால் கை நடுங்கும், தலை வலிக்கும், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறும். அதைப் பார்த்து ‘கிட்னியை உடம்பு நிராகரிக்கிறது’ என்று தவறாக நினைக்கவும் இடமுண்டு. ஆரம்பத்தில் வாரம் 2 முறை ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு பார்ப்பது நல்லது. ரத்தம் கொடுக்கும் காலையில் டாக்ரோலிமஸைக் கையோடு கொண்டுபோய், ஊசி குத்திய பிறகு போடுங்கள். நிராகரிப்பைத் தடுக்கும் சைரோலிமஸ், கொழுப்பு மாத்திரை அட்டர்வாஸ்டாட்டின் இரண்டும் பொசகோனசோலோடு சேரவே கூடாது.

ரத்தத்தில் பொசகோனசோல் அளவை ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம்; சிகிச்சைக்கு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் தேவை. பொட்டாசியம் இறங்கி ரத்த அழுத்தம் ஏறினால் இந்த மருந்தையும் சந்தேகியுங்கள். ஈசிஜியும் ஈரல் பரிசோதனையும் இடையிடையே வேண்டும்.

நிறுத்தும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பொசகோனசோல் உடம்பை விட்டுப் போக ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் நொதி விடுபட்டு, ரத்தத்தில் டாக்ரோலிமஸ் மெல்ல இறங்கும், வெளியே எதுவும் தெரியாது. கடைசி அட்டை தீரும் முன்பே மருத்துவமனைக்குச் சொல்லி, அடுத்த ரத்தப் பரிசோதனைக்குத் தேதி வாங்கிவிடுங்கள்.