ஊழியமாகச் செய்து தருகிறேன் என்று வந்த கான்ட்ராக்டர்

பழைய ஆலயத்தைப் புதுப்பித்துப் பெரிதாக்கும் யோசனையில் இருக்கும் சபைகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கட்டடக் கமிட்டியில் கணக்குப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. எல்லா பில்லும் என் கை வழியாகத்தான் போயின.

சபை பெருகிவிட்டது. ஞாயிறு ஆராதனையில் பாதிப் பேர் வராந்தாவில் நின்றுதான் பிரசங்கம் கேட்பார்கள். சுவர்களில் ஓதம், கூரை உத்திரங்களில் கரையான். ஆகவே பழுது பார்ப்பதோடு, உள்ளே பின்பக்கம் மேலே மாடி போல ஒரு கேலரியும் பக்கவாட்டில் ஒரு புதுப் பகுதியும் கட்டுவது என்று முடிவானது. மூன்று கொட்டேஷன் வந்தன. இரண்டில் வேலை வேலையாக அளவும் விலையும் இருந்தன. மூன்றாவது ஒரே பக்கம், அடியில் ஒரே தொகை. மற்ற இரண்டையும்விடக் குறைவு.

அந்த மூன்றாமவர் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, "இது கர்த்தருடைய வீடு, பிரதர். இதில் லாபம் பார்க்க மாட்டேன். ஊழியமாகச் செய்து தருகிறேன்" என்றார். அவ்வளவுதான், மற்ற இரண்டு கொட்டேஷனையும் அதற்குமேல் யாரும் புரட்டவில்லை. வரைபடம் எங்கே, கேலரிக்குக் கணக்குப் போட்ட என்ஜினீயர் யார் என்று கேட்பதே அவிசுவாசம் போல ஆகிவிட்டது. கேட்ட ஒருவருக்கும், "என் அனுபவத்தைவிடவா பேப்பர்?" என்றுதான் பதில் கிடைத்தது. வடிவமைப்பு அவர், கட்டுவது அவர், தரம் பார்ப்பதும் அவர்.

முதலில் கை வைத்தது சுவரில். எங்களுடையது சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய தடித்த செங்கல் சுவர். போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கப்பட்டதே 1824இல்தான். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புதான் ஓடியது. அந்தச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பூச்சு வழியாக வெளியே விட்டுவிடும். இவர் பழைய பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு, கெட்டியான சிமெண்ட் பூச்சு பூசி, மேலே பளபளப்பான பெயிண்ட் அடித்தார். பிரதிஷ்டை நாளில் எல்லாரும் கையைத் தடவிப் பார்த்துப் பாராட்டினார்கள். ஒரு மழைக்காலம் போனது. இடுப்பளவு உயரத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அழுத்தினால் உள்ளே பொலபொலவென்று வெள்ளை உப்பு. சுத்தியலால் தட்டினால் பூச்சு டொக்கு சத்தம் போடுகிறது, அதாவது சுவரைவிட்டுப் பிரிந்து நிற்கிறது. வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறி, உப்பைப் பூச்சுக்குப் பின்னால் சேர்த்துச் செங்கல்லையும் அரித்துக்கொண்டிருக்கிறது. முன்பு முழங்கால் வரைதான் ஓதம் இருந்தது.

பழைய ஆலயங்களைப் புதுப்பிக்கிறேன் என்று கெடுப்பது புதுக் கதை இல்லை. இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியதே, ஆலயச் சுவர்களின் பழைய பூச்சைச் சுரண்டித் தள்ளும் இதே பழக்கத்தைக் கண்டித்துத்தான். நம் கான்ட்ராக்டர்களுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

சுவராவது பணத்தோடு போகும். கேலரி அப்படி இல்லை. வீட்டு மாடிக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். ஜனம் கூடும் இடத்துக்கு அது 400, 500 கிலோ. எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று பாடுகிற இடம் அல்லவா? இவர் புதுத் தூண் எதுவும் போடவில்லை. பழைய சுவரில் குழி கொத்தி, பீம்களை அதற்குள் செருகிவிட்டார். "யானை ஏறினாலும் தாங்கும் சுவர், ஐயா" என்று போதகரிடம் சொன்னார். சுவர் தடிமன்தான், ஆனால் தடிமன் வேறு, ஒரே புள்ளியில் வந்து இறங்கும் பாரத்தைத் தாங்குவது வேறு. ஏற்கெனவே ஈரத்தில் ஊறிய சுண்ணாம்புச் சுவர் அது.

பிற்பாடு சபை தனியாகக் கூலி கொடுத்து ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயரை அழைத்து வந்தது. அவர் கேலரியின் அடிப்பக்கம் ஓரிடத்தில் கொத்திப் பார்த்தார். சுண்டுவிரல் நுனி ஆழத்திலேயே கம்பி தெரிந்தது. தளத்தில் கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். அதற்குத்தான் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் என்ற சிறு கட்டைகளை வைப்பார்கள். இங்கே ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், கான்கிரீட் கொட்டும்போது அது நகர்ந்துவிட்டது. கம்பியில் அதற்குள் துரு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வரும். கியூப் டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். கான்கிரீட் போடும்போதே 150 மில்லிமீட்டர் கட்டிகளாக வார்த்து எடுத்து, 28ஆம் நாள் உடைத்துப் பலம் பார்ப்பது. ரிப்போர்ட் இல்லை. கியூப் எடுக்கவே இல்லை.

பக்கவாட்டுப் பகுதியில் நடந்தது வேறு. பழைய கட்டடம் எப்போதோ மண்ணில் இறங்கி நிலைத்துவிட்டது. புதிதாகக் கட்டுவது இனிமேல்தான் இறங்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டு, அது தனி இது தனி என்று நிற்க விடுவார்கள். இவர் புதுச் சுவரைப் பழையதோடு பிடித்துக் கட்டிவிட்டார். கூரை ஓரத்திலிருந்து தரை வரைக்கும் சாய்வாக ஒரு விரிசல். "பூச்சு சுருங்கியது, ஹேர்லைன் கிராக்" என்று இரண்டு முறை பட்டி பார்த்து மூடினார். என்ஜினீயர் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைத்தார். சில வாரத்தில் அது இரண்டாகக் கீறிக் கிடந்தது. சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

பணத்துக்கு வருகிறேன். தவணைகளைக் கான்ட்ராக்டர் வேலையோடு இணைக்காமல் தேதியோடு இணைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் "கம்பி விலை ஏறுகிறது, இன்றே வாங்கினால் லாபம்" என்று அவசரம். கூரை மூடியபோதே பத்தில் ஒன்பது பங்கு அவர் கையில். அதன் பிறகு ஆள் வரத்து நின்றது. ஐந்து முதல் பத்து சதவீதத்தைப் பிடித்து வைத்து, வேலை முடிந்து ஒரு வருடமாவது பார்த்துவிட்டுக் கொடுப்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். அதைக் கேட்டபோது, "என்மேல் இவ்வளவுதானா நம்பிக்கை, பிரதர்?" என்று கண் கலங்கினார்.

எனக்கு இன்றுவரை ஆறாதது உத்திரங்கள் விஷயம். கரையான் அரித்தது ஓரத்தில் சில மட்டுமே. மற்றதெல்லாம் இழைத்தால் புதுசு போல மின்னும் தேக்கு. இடிபாடு என்று சொல்லி எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிப் போனார். எங்கே போனது என்று ரசீது கிடையாது. கடைசி பில்லில் அந்த லாரி வாடகையை எங்கள் தலையில் எழுதியிருந்தார்!

ஒப்பந்தம் ஒரு பக்கம்தான் என்பதால் வழக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. வக்கீல் கேட்பது மூன்று: செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம் எங்கே, கையெழுத்தான வரைபடம் எங்கே, கூடுதல் வேலைக்கு எழுத்து மூலமான உத்தரவு எங்கே? மூன்றும் கான்ட்ராக்டரிடம்கூட இல்லை, தேடித் தருகிறேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேலரிக்கு அடியில் இரும்பு ஜாக்கி முட்டுக் கொடுத்து, படிக்கட்டைப் பூட்டி வைத்திருக்கிறோம். சிமெண்ட் பூச்சை எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசச் சொல்லியிருக்கிறார் என்ஜினீயர். சபையார் பழையபடி வராந்தாவில்.

வழக்கு நடப்பதால் பெயர் போட முடியாது. ஆனால் பிரதிஷ்டை நாளில் எடுத்த எங்கள் ஆலயப் படங்களை அவர் வேறு சபைகளில் காட்டி வேலை கேட்கிறார் என்று கேள்விப்பட்டேன். படங்கள் உண்மையிலேயே அழகாக இருக்கின்றன. யார் ஆல்பம் நீட்டினாலும் சரி, அது எந்தச் சபை என்று கேட்டு, அதன் பொருளாளர் எண்ணை நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள். கான்ட்ராக்டர் கொடுக்கும் எண்ணை நம்பாதீர்கள். முடிந்தால் ஒரு மழைக்காலம் தாண்டிய கட்டடத்தை நேரில் போய்ப் பாருங்கள். கேலரி இருந்தால் அதற்கு அடியில் போய் நின்று மேலே பாருங்கள். முன்பணம் அதற்கப்புறம்.