மின் கூட்டுறவுகளின் குரலாக ஒரு வேலை: என்.ஆர்.இ.சி.ஏ. எப்படி?

வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் இயங்கும் அமெரிக்கத் தேசிய ஊரக மின் கூட்டுறவுச் சங்கம் (என்.ஆர்.இ.சி.ஏ.) 1942இல் தொடங்கியது. மின் நுகர்வோரே உரிமையாளர்களாக இருக்கும் ஏறக்குறைய 900 மின் கூட்டுறவுகள் இதன் உறுப்பினர்கள். கொள்கைப் பணியில் வளர நினைப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.

காரணம், இங்கே பேசும் சட்டம் நேராகக் கிராமத்து மின்கட்டணத்தில் போய் முடிகிறது. பெரும்பாலான கூட்டுறவுகள் வருமான வரி கட்டுவதில்லை. அதனால் சூரிய மின், காற்றாலை வரிச்சலுகை நெடுங்காலம் அவற்றுக்கு நேரடியாகக் கிடைக்கவில்லை. 2022ஆம் ஆண்டுப் பணவீக்கக் குறைப்புச் சட்டம் அந்தச் சலுகையைப் பணமாகவே பெற வழி செய்தது. சங்கம் விடாமல் கேட்டுவந்த கோரிக்கை அது. சட்டம் வந்ததோடு வேலை ஓயாது: வரித்துறையில் முன்பதிவு எண் வாங்காமல் படிவம் 990-டி என்ற வரிப் படிவத்தைத் தாக்கல் செய்தால் பணம் வராது. இதை உறுப்பினர்களுக்கு விளக்கத் தெரிந்தவருக்குத்தான் இங்கே மதிப்பு.

குறை, வேகம். நிலக்கரியை நம்பிய கூட்டுறவும் சூரிய மின்னுக்கு மாறும் கூட்டுறவும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் நிலைப்பாடு எடுக்க நாளாகும். பொறுமை இல்லாதவர்கள் இங்கே திணறுவார்கள்.

நேர்காணலுக்கு முன் சங்கத்தின் காலாண்டு லாபி அறிக்கைகளை (சட்டமியற்றுவோரிடம் ஆதரவு திரட்டும் பணி பற்றிய அறிக்கைகள்) படியுங்கள். எந்த மசோதாக்களுக்காக உழைக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். உயர் நிர்வாகிகளின் சம்பளம், வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் படிவம் 990இல் கிடைக்கும். பேச்சுத் திறமையை விட, கட்டண விகிதக் கணக்கு தெரிந்திருப்பது கூடுதல் பலம்.