நான்காம் கிழமை மிஸ் கேட்ட பத்துக் கேள்விகள்

மகள் பிறந்து ஐந்தாம் நாள், வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டின் மூன்றாம் மாடிக்குப் படியேறி வந்தார் மிட்வைஃப் மிஸ். ஒரு சதம் காசு இல்லை, நாங்கள் கூப்பிடவும் இல்லை. எங்கள் பகுதி அரசாங்கத் தாய்சேய் கிளினிக்கில் பதிந்திருந்ததால் தானாகவே வந்தார். தொப்புளையும் என் தையலையும் பார்த்தார், பிள்ளையை மார்பில் எப்படிப் பிடிப்பது என்று காட்டிவிட்டுப் போனார். அதுவே பெரிய உதவி. ஆனால் நான் எழுத வந்தது நான்காம் கிழமை நடந்ததைப் பற்றி.

முதலில் என் நிலைமையைச் சொல்ல வேண்டும். ஏழாம் மாதத்தில் அப்பாவுக்குப் பாரிசவாதம். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்குமாக அலைந்தேன், அழுதேன். பிள்ளை பிறந்த பிறகு, அந்தக் கவலையெல்லாம் அவளுக்குள் போயிருக்குமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. ஒரு தனியார் லேபில் கோர்டிசோல் பார்த்தேன், மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் ஹோர்மோன் அது. ஏன் பார்க்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. காசை வாங்கிக்கொண்டு ஓர் எண்ணைத் தந்தார்கள், அவ்வளவுதான். கோர்டிசோல் காலையில் கூடி இரவில் குறையும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் 2, 3 மடங்கு உயர்வதும் இயல்பு என்பதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சொல்லித் தந்தவை லண்டன் இம்பீரியல் கல்லூரியின் விவெட் குளோவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள். நான் வங்கியில் வேலை செய்கிறவள், ஒவ்வொன்றையும் மூன்று தரம் வாசிக்க வேண்டியிருந்தது. தாயின் கோர்டிசோலில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதியம் செயலற்றதாக்கிவிடுகிறது. பதற்றம் கூடிய தாய்மாரில் அந்த நொதியம் குறைவாக இருந்ததை 2012இல் அவரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். பிரிஸ்டல் பகுதித் தாய்மாரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், கர்ப்பத்தில் பதற்றம் மிகக் கூடியிருந்தவர்களின் பிள்ளைகளுக்கு 4 வயதில் நடத்தைச் சிக்கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த இடத்தில் எனக்குக் கை நடுங்கியது. ஆனால் அப்படி இருந்தும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே இருந்தார்கள் என்பதையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். தாயின் மனநிலைக்கும் அவள் இரத்தத்தில் உள்ள கோர்டிசோல் அளவுக்கும் தொடர்பு பலவீனம் என்கிறார். அப்படியென்றால் அந்த லேப் தாள் என்னைப் பற்றி எதையுமே சொல்லவில்லை.

சரி, மிஸ்ஸிடம் வருகிறேன். அன்று மாமி குசினியில் சரக்கு வறுத்துக்கொண்டிருந்தார், வீடெல்லாம் மிளகு வாசம். மிஸ் சிங்களவர், தமிழ் கொஞ்சம் உடைந்துதான் வரும். “அம்மா, தேத்தண்ணி ஒண்டு ஊத்தித் தாறீங்களா” என்று மாமியிடம் கேட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்தினார். பையிலிருந்து ஒரு தாள் எடுத்தார், தமிழில். பிள்ளை பெற்ற தாய்க்கு மனச்சோர்வு இருக்கக்கூடுமா என்று பார்க்க, 1987இல் ஸ்கொட்லாந்தில் ஜோன் கொக்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் வெளியிட்ட எடின்பரோ கேள்வித்தாள். 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, கடந்த 7 நாள் எப்படி இருந்தீர்கள் என்பதுதான் எல்லாம்.

ஏழாவது கேள்வி நித்திரையைப் பற்றியது. “பச்சைப்பிள்ளை வைத்திருக்கிற யாருக்கு மிஸ் நித்திரை?” என்றேன். அவர் பேனையை வைத்தார்.

“பிள்ளை எழுப்புறது வேற. பிள்ளை தூங்கும்போதும் கவலையில உங்களுக்குத் தூக்கம் வராம இருக்கா?”

அவள் தூங்கும்போதெல்லாம் நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. மிஸ் ஒன்றும் சொல்லாமல் பிள்ளையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

என் புள்ளி 14. இது நோய் என்று சொல்கிற தாள் இல்லை, டொக்டரிடம் கதைக்க வேண்டும் என்று சொல்கிற தாள் என்று விளக்கினார். பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்யும் எண்ணம் பற்றியது, அதற்கு 0 தவிர வேறு எது வந்தாலும் மொத்தப் புள்ளியைப் பார்க்காமல் கவனிப்பார்களாம். அடுத்த கிழமையே டொக்டரிடம் கதைத்தேன்.

குறை ஒன்று உண்டு: என் கணவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் அந்த மாதம் முழுக்க நித்திரை இல்லாமல்தான் இருந்தார்.

கொழும்பில் பிள்ளைப்பேறுக்குக் காத்திருக்கிறவர்கள், தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் உங்கள் பகுதிக் கிளினிக்கில் பதியுங்கள். தாளை மிஸ் எடுக்காவிட்டால் நீங்களே கேளுங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இருக்கிறது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் அந்த இலக்கம் இன்னும் மிஸ்ஸின் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது.