பூட்டபிள் பென்டிரைவ்: எங்கே நிற்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது

விண்டோஸ் அல்லது லினக்ஸ் நிறுவ, கணினியைக் கிளப்பும் (பூட் ஆகும்) பென்டிரைவைத் தயாரிக்க ரூஃபஸ், பலேனா எட்சர், வென்டாய், லினக்ஸின் டிடி கட்டளை என நான்கு கருவிகளையும் பல வருடங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். எது நல்லது என்று கேட்டால், தினசரி வேலைக்கு வென்டாய், முரண்டு பிடிக்கும் கணினிக்கு ரூஃபஸ். ஆனால் பென்டிரைவ் பூட் ஆகாத நேரத்தில் மென்பொருளை மாற்றித் திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பூட் மெனுவிலேயே (எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் பட்டியல்) வரவில்லையா, வந்தும் கிளம்பவில்லையா, லோகோ வரை போய்த் தொங்குகிறதா, இன்ஸ்டாலர் வந்தபின் டிஸ்க் தெரியவில்லையா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்தே எதைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

பூட் மெனுவில் பென்டிரைவின் பெயரே இல்லை என்றால், முதலில் அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இன்ஸ்டாலர் முழுவதும் அடங்கிய ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு உட்கார்ந்திருந்தால் (வென்டாய் இல்லாத பட்சத்தில்) அது காப்பி செய்யப்பட்டதே தவிர எழுதப்படவில்லை. யூஈஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த, கணினியைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) தேடுவது மிக எளிமையான ஒன்றைத்தான்: ஃபேட் என்ற எளிய கோப்பு முறையில் உள்ள பார்ட்டிஷனில் ‘ஈஎஃப்ஐ’ ஃபோல்டர், அதற்குள் ‘பூட்’, அதற்குள் 64 பிட் கணினிக்கான பூட் கோப்பு. இது இல்லாவிட்டால் அதன் கண்ணுக்கு அது பூட்டபிள் டிரைவே இல்லை. விண்டோஸ் விஷயத்தில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. இன்ஸ்டாலரில் இருக்கும் பெரிய விம் கோப்பு (விண்டோஸ் சுருக்கி வைக்கப்பட்டிருப்பது) இப்போதெல்லாம் 4 ஜிபியைத் தாண்டிவிடுகிறது. ஃபேட்32 அதை ஏற்காது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்தால் கோப்பு உள்ளே போகும், ஆனால் பல கணினிகளின் யூஈஎஃப்ஐக்கு என்டிஎஃப்எஸ் படிக்கத் தெரியாது. ரூஃபஸ் இதற்காகவே பென்டிரைவின் கடைசியில் குட்டியாக ஒரு ஃபேட் பார்ட்டிஷன் வைத்து, அதில் என்டிஎஃப்எஸ் டிரைவரைப் போட்டுவிடுகிறது. விண்டோஸுக்கு நான் ரூஃபஸை விடாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

எல்லாம் சரியாக எழுதியும் பட்டியலில் வரவில்லை என்றால், கணினி உண்மையில் ஆஃப் ஆனதா என்று பாருங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ‘ஷட் டவுன்’ என்பது அரைத்தூக்கம்தான். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, உடனே எஃப்12 அல்லது எஃப்9 (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) தட்டிக்கொண்டே இருந்தால் பல நேரம் அதுவே போதும். பயாஸ் அமைப்புகளில் தனியாக ஃபாஸ்ட் பூட் என்று ஒன்று இருந்தால் அதையும் அணைத்துவிடலாம். நேரத்தை மிச்சப்படுத்த அது யூஎஸ்பியை எட்டிப் பார்க்காமலே போய்விடும்.

அடுத்தது, பட்டியலில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிவது. ஒன்றின் முன்னால் ‘யூஈஎஃப்ஐ’ என்று இருக்கும், இன்னொன்று வெறும் பெயர். இரண்டும் ஒன்றுதானே என்று வெறும் பெயரைத் தேர்ந்தெடுத்தால் பழைய பயாஸ் முறையில் கிளம்பும். இன்ஸ்டாலர் அழகாக வரும், மொழி கேட்கும், லைசென்ஸ் காட்டும். டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில்தான், இந்த டிஸ்க் ஜிபிடி (புதிய பார்ட்டிஷன் முறை) வகை, இதில் விண்டோஸ் போட முடியாது என்று சொல்லும். அந்தச் செய்தியைப் பார்த்துப் பயந்து, உள்ளே இருக்கும் தரவையெல்லாம் அழித்து டிஸ்க்கை எம்பிஆராக (பழைய பார்ட்டிஷன் முறை) மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. ரீஸ்டார்ட் செய்து ‘யூஈஎஃப்ஐ’ என்று இருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

லினக்ஸ் பக்கம் வந்தால், ஐஎஸ்ஓவை அப்படியே பென்டிரைவில் எழுதும் டிடி கட்டளை எனக்குப் பிடித்த கருவி, ஆனால் அதன் பேச்சை முழுதாக நம்பக் கூடாது. முன்னேற்றம் காட்டும் ஆப்ஷனோடு ஓட்டினால், முதல் ஒன்றரை ஜிபி சில நொடிகளில் பறக்கும். எழுதியது பென்டிரைவுக்கு அல்ல, ராமுக்கு. அப்புறம் எண் அப்படியே நின்றுவிடும், பென்டிரைவின் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பிடுங்கினால் பூட் மெனு வரும், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) லோடாகும், பாதியில் ஸ்குவாஷ்எஃப்எஸ் (சுருக்கிய கோப்புத் தொகுப்பு) பிழை என்று கொட்டும். டிடி முடிந்தபின், ராமில் மிச்சமிருப்பதை பென்டிரைவில் எழுதி முடிக்கும் ‘சிங்க்’ கட்டளை கொடுத்து, ப்ராம்ப்ட் திரும்பும் வரை காத்திருப்பதுதான் வழி. இன்னொன்று, எழுத வேண்டியது முழு டிரைவுக்கு; பெயரின் கடைசியில் இருக்கும் பார்ட்டிஷன் எண்ணைச் சேர்த்து எழுதினால் பூட் ஆகாது.

லோகோ வந்து தொங்கினால் என் முதல் சந்தேகம் ஐஎஸ்ஓ மேல்தான் போகும். எஸ்ஹெச்ஏ-256 (கோப்பு பழுதில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பார்ப்பது ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல் பென்டிரைவை மாற்றுவது வீண். விண்டோஸ் இன்ஸ்டாலர் சில நேரம் ஏதோ மீடியா டிரைவர் இல்லை என்று புகார் சொல்லும். டிரைவரைத் தேடி அலைவதற்கு முன், ஐஎஸ்ஓவைச் சரிபார்த்துவிட்டு பென்டிரைவை வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் இருந்தால் அதில். லினக்ஸில் திரை கறுத்துப் போனால் அது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு விவகாரம். கெர்னலுக்குப் போகும் பூட் வரியில் ‘நோமோட்செட்’ என்ற சொல்லைச் சேர்த்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

கெர்னல் ஓடி, குறிப்பிட்ட லேபிள் (டிரைவுக்கு வைத்த பெயர்) கொண்ட டிஸ்க்கைக் காணவில்லை என்று சொல்லி நின்றால் அது வேறு கதை. ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் தாங்கள் கிளம்பிய பென்டிரைவை அதன் லேபிளை வைத்துத் தேடுகின்றன. ஐஎஸ்ஓவின் லேபிள் 32 எழுத்து வரை இருக்கலாம், ஃபேட்32க்கு 11தான். கோப்புகளைக் கையால் பிரித்துப் போட்டால் லேபிள் மாறும், கெர்னல் தேடிக்கொண்டே இருக்கும். ரூஃபஸில் ‘டிடி இமேஜ்’ முறையைத் தேர்ந்தெடுத்து எழுதினால் உள்ளது உள்ளபடியே போகும்.

இன்ஸ்டாலர் வந்துவிட்டது, டிஸ்க் பட்டியல் காலி. இந்த இடத்தில் பென்டிரைவைக் குறை சொல்ல எதுவுமே இல்லை. இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து வரும் பல லேப்டாப்களில் எஸ்எஸ்டியைக் கையாளும் விஎம்டி என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். அதற்கான டிரைவர் இல்லாமல் விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டி தெரியாது. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து ஆர்எஸ்டி (இன்டெலின் ஸ்டோரேஜ்) டிரைவரை இறக்கி, பிரித்து, பென்டிரைவிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டு ‘லோட் டிரைவர்’ கொடுக்க வேண்டும். பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் டிஸ்க் தெரியும். ஆனால் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸை வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அதைத் தொடாதீர்கள், அது பூட் ஆகாமல் போகலாம்.

வென்டாய் பற்றி. ஒருமுறை நிறுவிவிட்டால் ஐஎஸ்ஓக்களை வெறுமனே காப்பி செய்தால் போதும், மெனு தானே வரும். என் பென்டிரைவில் இரண்டு விண்டோஸ், சில லினக்ஸ், ராமைச் சோதிக்கும் ஒரு மெம்டெஸ்ட் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. பெரிய பார்ட்டிஷன் இயல்பாக எக்ஸ்ஃபேட் என்பதால் 4 ஜிபி தொல்லை இல்லை. மெனுவிலிருந்தே செக்சம் (எஸ்ஹெச்ஏ-256 போன்ற சரிபார்ப்பு எண்) பார்க்க முடிவது நான் அதிகம் பயன்படுத்தும் வசதி. ஏதாவது ஐஎஸ்ஓ சாதாரண முறையில் நின்றுபோனால் ‘க்ரப்2’ முறையில் முயன்று பார்க்கலாம். செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் கிளம்ப விடும் அமைப்பு) இருக்கும் கணினியில் முதல்முறை நீலத்திரை வந்து சாவியைப் பதிவு செய்யச் சொல்லும். தெரியாதவர்கள் அதை எர்ரர் என்று நினைத்துவிடுவார்கள். வென்டாயின் மூலநிரலில் ஏற்கெனவே தொகுக்கப்பட்ட பைனரிகள் (உள்ளே என்ன என்று எளிதில் படிக்க முடியாத இயங்கு கோப்புகள்) இருப்பது பற்றிச் சிலர் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். அது நியாயமான கேள்விதான். பாதுகாப்பு முக்கியமான கணினி என்றால் தனி பென்டிரைவில் ஒரே ஐஎஸ்ஓவை நேரடியாக எழுதுகிறேன்.

இத்தனையும் பார்த்தும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறது என்றால், அப்போதுதான் பென்டிரைவைச் சந்தேகிக்க வேண்டும். 64 ஜிபி என்று பொய்க் கணக்குக் காட்டும் போலி டிரைவ்கள் நிறைய. விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 அதைக் காட்டிக்கொடுக்கும்.

வேலை முடிந்தபின் விண்டோஸில் செருகினால் பென்டிரைவ் சில எம்பி மட்டுமே காட்டலாம், அல்லது ஃபார்மேட் செய்யச் சொல்லலாம். கெட்டுப்போகவில்லை, லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் டிரைவைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் அழிக்கும் ‘க்ளீன்’ கட்டளை கொடுத்து, புதிதாகப் பார்ட்டிஷன் போட்டால் முழு இடமும் திரும்பும். தேர்ந்தெடுக்கும் முன் அளவை மட்டும் இருமுறை பாருங்கள். எந்த டிஸ்க் என்று அந்தக் கட்டளை திரும்பக் கேட்காது.