வாட்ஸ்அப் பிசினஸ்: வீடு தேடிப் போய் வேலை செய்பவர்களுக்கு எவ்வளவு உதவும்?

ஏசி சர்வீஸ், பிளம்பிங், எலெக்ட்ரிகல், பூச்சி மருந்து அடிப்பது மாதிரியான தொழில் செய்பவர்களிடம் 'சோஷியல் மீடியாவில் இறங்குங்கள்' என்று சொல்பவர்கள் முதலில் காட்டுவது ரீல்ஸைத்தான். ஆனால் வேலை முடிவாவது ரீல்ஸில் இல்லை. "நாளைக்குக் காலையில வர முடியுமா?" என்று கேட்கும் வாட்ஸ்அப் சாட்டில்தான் முடிவாகிறது. அதனால் ஒரு சின்ன சர்வீஸ் தொழிலுக்கு முதலில் எடை போட்டுப் பார்க்க வேண்டியது 2018-இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை. இலவசம்தான். ஆனால் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, தப்பான வேலைக்கு வைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இது புது ஆளைக் கூட்டி வராது. வந்த ஆளை நழுவ விடாமல் பிடித்து வைக்கும். விளம்பரக் கருவி என்று நினைத்து இறங்கினால் ஒரே மாதத்தில் சலிப்புத் தட்டும்.

எண்ணிலிருந்து ஆரம்பிப்போம். ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் பிசினஸிலும் சேர்த்து ஓட்ட முடியாது. சொந்த எண்ணையே பிசினஸுக்கு மாற்றினால் பழைய சாட் கூடவே வந்துவிடும். பிறகு மனசு மாறித் திரும்பிப் போனால் அதே மாதிரி வரும் என்று நம்ப முடியாது. தொழிலுக்குத் தனி எண் வாங்குவதே நல்லது. கடையில் தரைவழித் தொலைபேசி இருந்தால் அதையும் பதியலாம்: சரிபார்ப்புக் குறியீட்டை எஸ்எம்எஸ்ஸில் கேட்காமல், அழைத்துச் சொல்லும்படி கேட்க வேண்டும். எந்த எண்ணானாலும் சிம் முதலாளி பெயரில் இருக்கட்டும். வேலைக்கு வந்த பையன் பெயரில் சிம் இருந்து, அவன் வேறு இடம் போனால் வாடிக்கையாளர் பட்டியலே அவனோடு போய்விடும். பதிந்த கையோடு இரண்டடுக்குச் சரிபார்ப்பைத் திறந்து 6 இலக்கப் பின் போட்டுவிடுங்கள்.

புரொஃபைலில் வேலை நேரத்தைச் சரியாகப் போடுவது, போகும் ஏரியாக்களை விவரத்தில் எழுதுவது, இரண்டும் போதும். லோகோவுக்காக யாரும் வேலை கொடுப்பதில்லை.

இந்தச் செயலியின் மதிப்பே தானியங்கிச் செய்திகளிலும் குயிக் ரிப்ளையிலும்தான் (முன்பே எழுதிச் சேமித்து வைக்கும் பதில்) இருக்கிறது. சர்வீஸ் தொழிலில் வரும் முதல் செய்தி பெரும்பாலும் "ரேட் என்ன?" என்ற ஒற்றை வரி. இதற்குத் தொகையை மட்டும் பதிலாக அனுப்பினால் சாட் அங்கேயே நின்றுவிடும், அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். என்ன மெஷின், என்ன கோளாறு என்று தெரியாமல் சொல்லும் ரேட் பிறகு மாறும், சண்டையும் வரும். அதனால் வரவேற்புச் செய்தியில் "எங்களைத் தொடர்பு கொண்டமைக்கு நன்றி" என்ற சம்பிரதாயத்தைத் தூக்கிவிட்டு, தேவையான தகவலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதிரி:

"வணக்கம். ஏசி, வாஷிங் மெஷின் சர்வீஸ். மூணு விஷயம் அனுப்புங்க. 1) மெஷின்ல ஒட்டியிருக்குற மாடல் ஸ்டிக்கர் போட்டோ. 2) என்ன பிரச்சினை, எரர் கோடு வந்தா அதோட போட்டோ. 3) உங்க ஏரியா. பார்த்துட்டு எப்ப வரலாம்னு சொல்றோம்."

மாடல் ஸ்டிக்கர் வந்துவிட்டால் எந்த பார்ட் எடுத்துப் போக வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும். இரண்டாவது தடவை போகும் அலைச்சல் குறையும். ஸ்டிக்கர் எழுத்து மங்கலாக வந்தால், எச்டி தரத்தில் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வரவேற்புச் செய்தி முதல் தடவை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்துவிட்டுத் திரும்பி வருபவருக்கும்தான் போகும். போன வாரம் ஏசிக்குப் பேசியவர் இன்று வாஷிங் மெஷினுக்கு எழுதினால் அது போகாது. அதே வாசகத்தைக் குயிக் ரிப்ளையாகவும் சேமித்து வைத்துக்கொண்டால் சாய்கோடு ஒன்று தட்டிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். 50 வரை சேமிக்க இடம் உண்டு. ஒழுங்காக எழுதினால் எட்டுப் பத்துக்கு மேல் தேவைப்படாது. கட்டாயம் இருக்க வேண்டியவை இரண்டு.

கட்டணத்துக்கு: "வந்து பார்க்க விசிட் சார்ஜ் உண்டு. வேலையைக் கொடுத்தீங்கன்னா அதை பில்லுல கழிச்சிடுவோம். பார்ட் மாத்தணும்னா விலையைச் சொல்லி, நீங்க சரின்னு சொன்ன பிறகுதான் கழட்டுவோம்."

இடத்துக்கு: "வேலை நடக்க வேண்டிய வீட்டுல இருந்தபடியே லொகேஷன் அனுப்புங்க. வெளியில இருந்தா அட்ரஸை டைப் பண்ணி, பக்கத்துல ஒரு அடையாளமும் சொல்லுங்க."

இரண்டாவது வாசகம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு 'கரன்ட் லொகேஷன்' அனுப்பிவிடுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்; மெக்கானிக் ஆபீஸ் வாசலில் போய் நிற்பார். லைவ் லொகேஷன் அனுப்பினால் நேரம் முடிந்ததும் அது நின்றுவிடும், மறுநாள் வேலைக்கு உதவாது.

கடை மூடிய பிறகு போகும் 'இப்போது இல்லை' செய்தியை வேலை நேரத்துக்கு வெளியே மட்டும் போகும்படி வைக்கலாம். போனில் இணையம் இருந்தால்தான் அது போகும். ராத்திரி டேட்டாவை அணைத்துவிட்டுத் தூங்கினால், அந்தச் செய்தி போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாமே தவிர, அது போகாது. "நாளை காலை 9 மணிக்குள் பதில் வரும்" என்று எழுதினால் 9 மணிக்குள் பதில் போக வேண்டும். முடியாது என்றால் நேரமே எழுதாதீர்கள்.

அடுத்தது லேபிள், அதாவது சாட்டுகளை வகை பிரிக்க அவற்றின் மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டு. பெரும்பாலானோர் தொடாமலே விட்டுவிடும் வசதி இது. எங்களைக் கேட்டால், இந்தச் செயலியை வைத்துக்கொள்ள இது ஒன்றே போதும். 20 லேபிள் வரை வைக்கலாம். செயலி தானாகத் தரும் 'நியூ ஆர்டர்' வகையறா பொருள் விற்பவர்களுக்கானவை. அவற்றை மாற்றி இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: புது விசாரணை, ரேட் சொல்லியாச்சு, நாள் குறிச்சாச்சு, பார்ட் வரணும், பணம் பாக்கி, முடிஞ்சது. இதற்கு ஆறு. மீதியில் ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு. வேலை முடிந்ததும் அந்த வாடிக்கையாளருக்கு அடுத்த சர்வீஸ் வர வேண்டிய மாதத்தின் லேபிளை ஒட்டுங்கள். அந்த மாதம் பிறந்ததும் லேபிளைத் திறந்தால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற பட்டியல் தயாராக இருக்கும். லேபிள் தானாக ஞாபகப்படுத்தாது, நீங்கள்தான் திறந்து பார்க்க வேண்டும். தினமும் காலையில் 'ரேட் சொல்லியாச்சு' லேபிளைப் பார்த்து, இரண்டு நாளாகப் பதில் சொல்லாதவர்களுக்கு ஒரே ஒரு வரி அனுப்புங்கள். மூன்றாவது தடவை அனுப்பினால் பிளாக்தான் கிடைக்கும்.

கேட்டலாக், அதாவது செயலிக்குள்ளேயே பொருள்களை அடுக்கிக் காட்டும் பட்டியல், சுமார். 500 பொருள் வரை போடலாம் என்பது துணிக்கடைக்குச் சந்தோஷம். சர்வீஸுக்கு வேலை வகையைப் பொருளாகப் போட்டு, 'இதில் என்னென்ன அடங்கும், என்னென்ன அடங்காது' என்று எழுதலாம். 'கேஸ் நிரப்புவது இதில் சேராது' என்ற ஒரு வரி பல வாக்குவாதத்தைத் தவிர்க்கும். விலைப் பெட்டியைக் காலியாக விடலாம். நிலையான கட்டணம் உள்ள வேலைக்கு மட்டும் நிரப்புங்கள்.

இனி குறைகள். முதலில் பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக ஒரே தடவையில் அனுப்புவது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்றதும் பலர் கையில் கிடைத்த எண்ணையெல்லாம் ஏற்றிவிடுகிறார்கள். உங்கள் எண்ணைத் தன் போனில் சேவ் செய்தவருக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். மற்றவர்களுக்குப் போகவே போகாது. அனுப்பிய செய்தியின் விவரத்தைத் திறந்து யாருக்கு டெலிவரி ஆகியிருக்கிறது என்று பார்த்தால் உண்மை தெரியும். ஸ்டேட்டஸும் கிட்டத்தட்ட அப்படியே. இரண்டு பக்கமும் எண் சேவ் ஆகியிருந்தால்தான் தெரியும். 'தினமும் ஸ்டேட்டஸ் போடுங்கள்' என்ற அறிவுரை இதனால்தான் பலருக்குப் பலிப்பதில்லை.

ஆக, உண்மையான வேலை எண்ணை சேவ் செய்ய வைப்பது. அதற்குச் சரியான நேரம் மெஷின் ஓட ஆரம்பித்து, வாடிக்கையாளர் திருப்தியாக நிற்கும் நிமிடம். பில்லைப் பேப்பரில் மட்டும் தராமல் பிடிஎஃப் ஆகச் சாட்டிலும் அனுப்பி, கீழே ஒரு வரி: "அடுத்த சர்வீஸ் எப்பன்னு நாங்க ஞாபகப்படுத்துறோம். இந்த நம்பரை 'ஏசி சர்வீஸ்'னு சேவ் பண்ணிக்கோங்க." கடைப் பெயரை அவர் மறந்துவிடலாம், கோளாறு வரும்போது தேடுவது 'ஏசி' என்றுதான்.

மொத்தமாகச் செய்தி அனுப்பித் தருகிறோம் என்று வரும் வெளி மென்பொருள்களையும், திருத்தப்பட்ட வாட்ஸ்அப் பிரதிகளையும் கிட்டே சேர்க்காதீர்கள். அவை விதிமீறல். முன்பின் தெரியாதவர்கள் ரிப்போர்ட் அடித்தால் எண் முடங்கும்; போர்டிலும் வண்டியிலும் பில் புக்கிலும் அச்சான எண் அதுதான் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

புது ஆள் வேண்டுமென்றால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் வாட்ஸ்அப் சாட்டைத் திறக்கும் விளம்பரம் கொடுக்க வேண்டும். இதற்குக் காசு செலவாகும். போஸ்ட்டுக்குக் கீழே இருக்கும் 'பூஸ்ட்' பொத்தானை யோசிக்காமல் அழுத்துவதுதான் இங்கே பொதுவாக நடக்கும் தப்பு. லைக் வாங்க ஓடும் விளம்பரத்தைச் சும்மா லைக் போடும் பழக்கம் உள்ளவர்களிடம்தான் ஃபேஸ்புக் கொண்டுபோய்க் காட்டும். நோக்கம் கேட்கும் இடத்தில் செய்தி வர வேண்டும் என்பதையே தேர்ந்தெடுங்கள். ஊர்ப் பெயரைப் போடாமல், வரைபடத்தில் ஊசி குத்தி, உங்கள் ஆள் போய்வரக்கூடிய தூரத்தை மட்டும் சுற்றளவாக வையுங்கள். பதில் சொல்ல ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் ஓடும்படி வைப்பது நல்லது. அதற்குத் தினசரி பட்ஜெட்டைவிட மொத்த பட்ஜெட் முறை தோதாக இருக்கும். இரவு 11 மணிக்கு வந்த விசாரணைக்குக் காலையில் பதில் போகும்போது அவர் வேறு ஆளைப் பிடித்திருப்பார்.

எங்கிருந்து ஆள் வருகிறார்கள் என்று இந்தச் செயலி சொல்லாது. அனுப்பியது, சேர்ந்தது, படிக்கப்பட்டது, வந்தது என்று நான்கு எண்ணிக்கையைக் காட்டும் புள்ளிவிவரப் பக்கம் ஒன்றுக்கும் உதவாது. வழி ஒன்று இருக்கிறது. தட்டினால் உங்கள் சாட்டையே திறக்கும் வாட்ஸ்அப் நேரடி இணைப்பில் எண்ணோடு ஒரு முன்செய்தியையும் (வாடிக்கையாளர் அனுப்பத் தயாராக நிரப்பி வைக்கும் வாசகம்) சேர்க்கலாம். எண்ணை நாட்டுக் குறியீட்டோடு, கூட்டல் குறியும் முன்னால் பூஜ்ஜியமும் இல்லாமல் எழுத வேண்டும். இங்கே தப்பினால் இணைப்பு திறக்காது. இன்ஸ்டாகிராம் பயோவுக்கு "இன்ஸ்டால பார்த்தேன், சர்வீஸ் வேணும்" என்றும், வண்டியில் ஒட்டும் கியூஆருக்கு "வண்டியில பார்த்தேன்" என்றும் தனித்தனி முன்செய்தி வைத்தால், எது வேலை கொண்டுவருகிறது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். செயலியே தரும் கியூஆரை அச்சடித்திருந்தால் அதை ரீசெட் செய்துவிடாதீர்கள், அச்சடித்ததெல்லாம் செல்லாமல் போகும்.

இரண்டு பேருக்கு மேல் பதில் சொல்லும் கடையானால் இன்னொரு எரிச்சல். முதன்மைப் போனோடு 4 சாதனங்களை இணைக்கலாம், ஆனால் எந்தச் சாட்டை யார் கவனிப்பது என்று பிரித்துக் கொடுக்க இலவசப் பதிப்பில் ஒழுங்கான வழி இல்லை. ஒரே ஆளுக்கு இரண்டு பேர் இரண்டு நேரம் சொல்லி வைப்பது இப்படித்தான். குயிக் ரிப்ளையின் கடைசியில் பதில் சொல்பவர் பெயரின் முதல் எழுத்தைப் போடும் பழக்கம் வந்தால் ஓரளவு சமாளிக்கலாம். முதன்மைப் போனை 14 நாள் தொடாமல் விட்டால் இணைத்த சாதனங்கள் எல்லாம் வெளியேறிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இதற்கு மேல் ஆள் பலம் உள்ளவர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் பிளாட்ஃபார்ம் என்ற ஏபிஐ வழி (வாட்ஸ்அப்பை வேறு மென்பொருளோடு இணைத்து ஓட்டுவது) இருக்கிறது. அங்கே வாடிக்கையாளர் எழுதிய 24 மணி நேரத்துக்குள்தான் இஷ்டப்படி பதில் எழுதலாம். அதற்குப் பிறகு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் (மாதிரிச் செய்தி) மட்டும் போகும், விளம்பர டெம்ப்ளேட்டுக்குக் கட்டணமும் உண்டு. நான்கைந்து மெக்கானிக் வைத்து ஓட்டும் கடைக்கு அது அதிகப்படி.

பேக்கப்பைத் தினசரியாக வையுங்கள். போன் மாற்றும்போது ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கே போவது சுலபம்; ஆண்ட்ராய்டின் கூகுள் டிரைவ் பேக்கப்பை ஐபோனில் அப்படியே மீட்க முடியாது, தனி மாற்றும் முறை ஒன்று இருக்கிறது. மறையும் செய்தியை இயக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு ரேட் சொன்னால் அதுவும் சேர்ந்து மறைந்துவிடும். அவர்களுக்கு மட்டுமாவது சொன்ன தொகையை நோட்டில் எழுதி வையுங்கள்.