தேடுவதற்கு ஆறங்குலம், நடப்பதற்கு இருபத்தைந்தங்குலம்: ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளம்

பெயரில்தான் ஸ்காட்லாந்து. எடின்பரோவிலுள்ள இந்த நூலகத்தின் வரைபடத் தளத்தில் இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்தே இருக்கின்றன. பார்க்கக் காசு வேண்டாம். மெட்டல் டிடெக்டரோடு எந்த வயலில் இறங்குவது என்று முடிவு செய்ய, கட்டணச் செயலிகளுக்குப் போகும் முன் இங்கேதான் உட்கார வேண்டும்.

நமக்கு வேண்டியது, ஆர்டினன்ஸ் சர்வே (பிரிட்டிஷ் அரசின் நில அளவை நிறுவனம்) வெளியிட்ட பழைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திக் காட்டும் பகுதி. ஊர்ப் பெயரைத் தட்டி, 1888–1913 ஆறங்குல வரைபடத்தைத் தேர்ந்தெடுங்கள் (ஒரு மைலுக்கு 6 அங்குலம், அதாவது 1:10,560). பக்கத்திலுள்ள நகர்த்தியை இழுத்தால் பழைய தாள் மெல்ல மறைந்து, இன்றைய வயல் தெரியும். மேலுள்ள பழைய தாளில் இருந்தும், கீழுள்ள இன்றைய படத்தில் இல்லாதவைதான் குறி: அகற்றப்பட்ட வேலி, தூர்ந்த குட்டை, இடிந்த பண்ணை வீடு, உழவில் அழிந்த ஒற்றையடிப் பாதை.

இடம் அகப்பட்டதும் 1:2,500 அளவிலான இருபத்தைந்தங்குல வரைபடத்துக்கு மாறுங்கள். 1880களுக்குப் பிந்தைய ஆறங்குலத் தாள்கள் பெரும்பாலும் இதிலிருந்து சுருக்கி வரையப்பட்டவை. எனவே நுணுக்கமெல்லாம் இங்கேதான். ஒவ்வொரு வயலிலும் ஓர் எண், அதன் கீழே ஏக்கர் கணக்கு. 214 என்ற எண்ணுக்குக் கீழே 6.482 என்றிருந்தால், அந்த வயல் 6.482 ஏக்கர். இன்று அதே இடம் இருபது ஏக்கராகப் பரந்து கிடக்கிறதென்றால், நடுவே இரண்டு மூன்று வேலிகள் போயிருக்கின்றன என்று பொருள். புள்ளிக்கோட்டின் ஓரத்தில் ‘எஃப்.பி.’ என்றிருந்தால் நடைபாதை, ‘பி.ஆர்.’ என்றிருந்தால் குதிரைப்பாதை. அந்தக் கோடு பழைய வேலியைக் குறுக்கே வெட்டும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆட்கள் வேலி தாண்டியதும், குனிந்ததும், மூட்டையை இறக்கி வைத்ததும் அங்கேதான். பையிலிருந்து காசு நழுவியதும் அங்கேதான். முதல் ஒரு மணி நேரத்தை அந்தச் சந்திப்புக்கே கொடுங்கள். நூறு வருட உழவு பொருளை இழுத்துப் போட்டிருக்கும் என்பதால், கோட்டின் மேலேயே நடக்காமல் இருபுறமும் பத்து மீட்டர் விட்டு, குறுக்கும் நெடுக்குமாகத் தேட வேண்டும்.

கொல்லன் பட்டறை, இடிந்த வீடு என்று குறித்த இடங்கள் ஆசை காட்டும். ஆனால் ஆணியும் இரும்புத் துண்டும் நிலமெங்கும் இறைந்து கிடக்கும். பெரிய காயிலுக்கு (டிடெக்டரின் அடியிலுள்ள தேடும் சுருள்) எல்லாம் ஒரே சத்தமாகக் கேட்கும், நல்ல சிக்னல் இரும்பின் சத்தத்தில் அமுங்கிவிடும். ஐந்தாறு அங்குலச் சிறிய காயிலை மாட்டி, மெதுவாக வீசுவதே வழி.

குறைகளுக்கு வருவோம். முதலாவது பொருத்தத்தில் வரும் பிசகு. பழைய வரைபடங்கள் காசினி முறையில் (வளைந்த பூமியைத் தட்டைத் தாளில் வரையும் ஒரு வகை), ஒவ்வொரு கவுண்டி (மாவட்டம்) அல்லது கவுண்டித் தொகுதிக்கும் தனித்தனி மையம் வைத்து வரையப்பட்டவை. இன்றைய கட்டத்தில் அவற்றை உட்கார வைக்கும்போது, சில இடங்களில் கோடு பல மீட்டர் தள்ளி விழும். கவுண்டி எல்லையில் இன்னும் மோசம். இடம் மாறாத ஒன்றை முதலில் ஒப்பிடுங்கள்: தேவாலயக் கோபுரம், பாலம், அல்லது இன்னும் இருக்கும் சுவரில் ‘பி.எம்.’ என்று குறித்த உயர அடையாளம். அது எந்தப் பக்கம் எவ்வளவு விலகுகிறதோ, அருகிலுள்ள வயல் கோடுகளையும் அதே அளவு நகர்த்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தாள்களை ஒட்டவைத்த இந்தக் காட்சியில் ஓரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. எப்போது அளந்தது, எப்போது திருத்தியது என்பது அந்த ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். 1905இல் வெளிவந்த தாளின் அளவீடு இருபது வருடம் பழையதாக இருக்கலாம். தனித்தாளைத் திறந்து தேதியைப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். மூன்றாவது, வயல்வெளியில் கைபேசிக்கு நெட் கிடைக்காவிட்டால் படம் வராது. போகும் முன் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

வயல்களின் பெயர் வேண்டுமென்றால் இந்தத் தளம் போதாது. 1836ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி வரைந்த தசமபாக (தேவாலயத்துக்கான பத்திலொரு பங்கு வரி) வரைபடங்களின் பதிவேட்டில்தான் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. வேல்ஸ் தேசிய நூலகம் தன் பகுதிக்குரியவற்றை இலவசமாகவே தருகிறது.

பின்னணியைச் செயற்கைக்கோளிலிருந்து லைடாருக்கு (லேசரால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்த படம்) மாற்றும் வசதியை மட்டும் தனியாகப் பாராட்ட வேண்டும். புல்வெளிக்கடியில் மறைந்த இடைக்காலக் கிராமத்தின் வீட்டுத் திட்டுகளும் உழவு வரப்புகளும் நிழலாக எழுந்து நிற்கும். 19ஆம் நூற்றாண்டு நில அளவையாளர்கள் குறிக்காமல் விட்டவைகூட அதில் தெரியும்.

அப்படித் தெரிவதிலும், வரைபடத்தில் பழங்கால எழுத்து வடிவில் பொறித்த இடங்களிலும் ஆபத்து இருக்கிறது. அவற்றில் பல இன்று பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள். இங்கிலாந்தில் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அங்கே டிடெக்டர் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அரசின் ‘மேஜிக்’ வரைபடத்தில் அதே வயலைச் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பழைய பாதையை வைத்து வழியுரிமையும் கோர முடியாது. 1888 முதல் ஆர்டினன்ஸ் சர்வேயே தன் தாள்களில் அப்படி அச்சிட்டிருக்கிறது. 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்குள் வரும் பொருள் என்று தெரிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் கரோனருக்கு (புதையலை விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு: உரிமையாளர் இல்லாத பழம்பொருள் எல்லாம் அரசுடைமை.

பண்ணைக்காரரிடம் அனுமதி கேட்கப் போகும்போது, இருபத்தைந்தங்குலத் தாளின் அச்சையும் அதே இடத்தின் இன்றைய படத்தையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். வயல்களை எண்ணோடு சுட்டிக் கேட்டால், எது சரி, எது விதைத்திருக்கிறது, எதில் மாடு நிற்கிறது என்று அவர் தாளிலேயே குறித்துத் தருவார். அதன் கீழேயே தேதியோடு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளலாம்.