எட்டு ஆண்டுக்குப் பின் இன்னொரு அறுவை சிகிச்சையா? ஸ்லீவ் செய்துகொண்ட என் அனுபவம்

2017 ஆகஸ்டில் எனக்கு ஸ்லீவ் எனப்படும் எடை குறைப்பு அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது எனக்கு வயது 38, உயரம் 158 செ.மீ., எடை 112 கிலோ. சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று என்று போய்க்கொண்டிருந்தது. பதினெட்டாவது மாதத்தில் எடை 71 கிலோவுக்கு வந்தது, மூன்று மாத்திரைகளும் நின்றன. இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்காமல் நின்ற அந்த நாளை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆகவே இந்தப் பதிவை, முதல் சிகிச்சை தவறு என்று சொல்வதற்காக எழுதவில்லை.

நான்காம் ஆண்டுக்குப் பிறகு எடை மெல்ல ஏறத் தொடங்கியது. 2025 தொடக்கத்தில் 94 கிலோவைத் தொட்டது. ஸ்லீவை பைபாஸாக, அதாவது இரைப்பையில் சிறு பையை மட்டும் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கும் இன்னொரு வகை எடை குறைப்பு அறுவையாக, மாற்றிவிடலாம் என்ற பேச்சு அப்போதுதான் எழுந்தது. அதைப் பற்றி முடிவெடுக்க எனக்கு ஏறத்தாழ பத்து மாதங்கள் பிடித்தன.

ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். வாழைப்பழ வடிவில் ஒரு குழாய் மட்டும் மிஞ்சுகிறது. பசியைத் தூண்டும் ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் மேல் பகுதியும் அதோடு போய்விடுவதால், முதல் ஓராண்டு பசி என்பதே மறந்துபோகும். ஆனால் அந்தக் குழாய் குறுகலானது, உள்ளே அழுத்தம் அதிகம், சிறுகுடலுக்குள் திறக்கும் கீழ் வாசல் இயல்பாகவே இறுக்கமாக இருக்கிறது. உள்ளே இருப்பது கீழே போக வழி இல்லாதபோது மேலே வருகிறது. எதுக்களிப்பு வரக்கூடும் என்று முதல் சிகிச்சைக்கு முன் ஒரே வரியில் சொல்லியிருந்தார்கள். அது எப்படிப்பட்ட வரவு என்பதை யாரும் விளக்கவில்லை.

அது எனக்கு எப்படி வந்தது என்றால், இரவு இரண்டு மணி அளவில் தொண்டையில் தீக்கங்கு உருண்டதுபோல் எரிந்து இருமலோடு எழுந்து உட்காருவேன். தலையணை உறையில் மஞ்சளாக ஒரு ஈரத் திட்டு இருக்கும், மூக்கின் பின்பக்கம் வரை புளிப்பு ஏறியிருக்கும். மூன்று தலையணை அடுக்கி, பாதி உட்கார்ந்த நிலையில்தான் ஐந்து ஆண்டுகளாகத் தூங்குகிறேன். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் 40 மி.கி. மாத்திரையைக் காலையும் இரவும் போட்டும் வாரத்தில் மூன்று நாளாவது இது நடக்கும்.

இரண்டாவது சிகிச்சைக்கு நான் பார்த்த அறுவை சிகிச்சை நிபுணர் எடையைப் பற்றிப் பேசவே இல்லை. "முதலில் எண்டோஸ்கோபி, பேரியம், அப்புறம் மூன்று வாரம் நீங்கள் வாயில் போடும் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு வாங்க. பழைய ஆபரேஷன் குறிப்பும் வேணும்" என்றார். முதல் மருத்துவமனையில் அந்தக் குறிப்பைப் பெற மூன்று வாரம் அலைந்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் அறுவையின் பெயரும் தேதியும் மட்டுமே இருந்தன. குழாயை எந்த அளவுக்கு வைத்துத் தைத்தார்கள், எங்கிருந்து வெட்டத் தொடங்கினார்கள் என்ற விவரமே இல்லை. இனி இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பும் அன்றே முழு அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பேரியம் என்ற கரைசலைக் குடிக்கவைத்து எடுத்த எக்ஸ்ரே படத்தில் குழாய் விரிந்திருக்கவில்லை. இது எனக்குப் பெரிய அதிர்ச்சி. வயிறு மறுபடி பெரிதாகிவிட்டது, அதனால்தான் எடை ஏறியது என்றுதான் நானும் வீட்டாரும் நம்பியிருந்தோம். எண்டோஸ்கோபியிலோ உணவுக்குழாயின் அடியில் 'சி' நிலைப் புண் (ஏ முதல் டி வரையிலான நான்கு நிலைகளில் மூன்றாவது) தெரிந்தது. இரைப்பையின் மேல் முனை உதரவிதானத்தைத் தாண்டி மார்புக்குள் ஏறியிருந்தது.

மூன்று வார உணவுக் குறிப்பைப் புரட்டியபோது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. மதியம் சாதமோ கோழித்துண்டோ அடைத்துக்கொண்டு எதுக்களிக்கும் என்று பயந்து, எளிதாக இறங்கும் பொருட்களுக்கு மாறியிருந்தேன்: சர்க்கரை போட்ட டீ, ரஸ்க், சேமியா பாயசம், ஐஸ்கிரீம். இரவு எரிச்சலோடு எழும்போது அதை அடக்க ஒரு டம்ளர் பாலும் நான்கு மேரி பிஸ்கட்டும். அந்த நடுநிசிப் பாலும் பிஸ்கட்டும் மட்டுமே ஏறக்குறைய 250 கலோரி. குறிப்பில் இருந்த இருபத்தொரு இரவுகளில் பதினொன்றில் அது இருந்தது. என் எடையில் ஒரு பகுதியை அந்த எரிச்சல்தான் ஏற்றியிருக்கிறது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். கொறிப்பது என் பழக்கமும்தான், அதை மறைக்கவில்லை. அலுவலக மேசை இழுப்பறையில் மிக்சர் பொட்டலம் இல்லாத மாதம் குறைவு.

கத்தி இல்லாத வழி இருக்கிறதே என்று, சர்க்கரைக்கும் எடை குறைப்புக்கும் தரப்படும், மார்ச் 2025-இல் இந்தியாவுக்கு வந்த டிர்செபடைட் ஊசியை, என் சர்க்கரை மருத்துவரின் மேற்பார்வையில் நான்கு மாதம் போட்டுப் பார்த்தேன். வாரம் ஒரு ஊசி. மாதத்துக்கு 14,000 முதல் 17,500 ரூபாய் வரை ஆனது. எடை 94-இலிருந்து 88-க்கு இறங்கியது. ஆனால் இந்த மருந்து இரைப்பையில் உணவு தங்கும் நேரத்தை நீட்டுவதால் என் எதுக்களிப்பு மிகவும் மோசமானது. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட இட்லி பன்னிரண்டு மணிக்குத் தொண்டையில் இருந்தது. நிறுத்திவிட்டேன். எதுக்களிப்பு இல்லாமல், எடை ஏற்றம் மட்டும் உள்ளவர்கள் இரண்டாவது அறுவைக்கு முன் இந்த வழியைக் கட்டாயம் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

மீதமிருந்தவை அறுவை வழிகள். ஸ்லீவையே மறுபடி குறுக்குவது என் எரிச்சலை இன்னும் கூட்டும். சிறுகுடலை ஒரே இடத்தில் மட்டும் இணைக்கும் மினி பைபாஸில் பித்தநீர் மேலேறும் வாய்ப்பு உண்டு என்பதால் அதையும் நிபுணர் விலக்கினார். எஞ்சியது ரூ-என்-ஒய் எனப்படும் வழக்கமான பைபாஸ். அதில் குழாயின் மேல் முனையில் சிறு பை ஒன்றை மட்டும் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். அமிலம் சுரக்கும் மீதிப் பகுதி தனியாகக் கீழ்நோக்கி வடிந்துவிடுகிறது. பின்லாந்தில் 240 பேரை ஸ்லீவ், பைபாஸ் என்று இரு பிரிவாக்கிப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022-இல் வெளியானது. எண்டோஸ்கோபி செய்து பார்த்தபோது ஸ்லீவ் பிரிவில் 31 விழுக்காட்டினருக்கும் பைபாஸ் பிரிவில் 7 விழுக்காட்டினருக்கும் உணவுக்குழாயில் அழற்சி இருந்தது. அளவுக்கு மீறி இருந்த எடையில் இறங்கியதோ முறையே 43.5, 50.7 விழுக்காடு, இங்கே இடைவெளி அவ்வளவு பெரிதில்லை. இவையெல்லாம் முதல் முறை செய்துகொண்டவர்களின் கணக்கு. இரண்டாவது அறுவையில் எடை இறக்கம் முதல் முறையைப்போல் இருப்பதில்லை, கசிவு போன்ற சிக்கல்களுக்கான வாய்ப்பும் முதல் முறையைவிடக் கூடுதல் என்பதை நிபுணர் இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

இதற்கு நான் கொடுக்க வேண்டிய விலையும் இருக்கிறது. முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் போடுவது வழக்கம். பைபாஸுக்குப் பிறகு அந்த வகை மாத்திரைகள் இணைப்பு இடத்தில் புண்ணை உண்டாக்கும் என்பதால் இனி கூடாது. பிரித்து உள்ளேயே விடப்படும் இரைப்பைப் பகுதிக்குள் வழக்கமான எண்டோஸ்கோபியால் பிறகு போய்ப் பார்க்க முடியாது. இரும்புச்சத்தை அதிகம் உறிஞ்சும் முன்சிறுகுடலை உணவு தொடாமல் போய்விடும். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் விடாமல் எடுக்க வேண்டும். முதல் அறுவைக்குப் பின் மூன்றாம் ஆண்டோடு அவற்றை நான் கைவிட்டதன் விளைவாக இப்போது என் ஹீமோகுளோபின் 9.6.

காப்பீட்டு நிறுவனம் விண்ணப்பத்தைத் திருப்பியது. பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 40, அல்லது 35-உடன் பட்டியலில் உள்ள தீவிர நோய் ஒன்று என்பது நிபந்தனை. என் பிஎம்ஐ 35-ஐச் சற்றே தாண்டுகிறது. ஆனால் உணவுக்குழாய்ப் புண் அந்தப் பட்டியலில் இல்லை. இது எடைக்கான அறுவை அல்ல, எதுக்களிப்புக்கான அறுவை என்று நிபுணர் எழுதிய கடிதத்தோடு மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

"மறுபடியும் வயித்துல கத்தி வைக்கணுமா அண்ணி? வாயைக் கட்டுனா போதாதா?" என்று நாத்தனார் கேட்டாள். அவள் அக்கறையில்தான் கேட்டாள். எடை மட்டும் என்றால் அவள் சொன்னதையே நானும் முடிவாக எடுத்திருப்பேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, 88 கிலோவோடு என்னால் நடமாட முடிகிறது, 71-க்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக மட்டும் இன்னொரு முறை மயக்க மருந்துக்குப் படுத்திருக்க மாட்டேன். புண் ஆறாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தால் உணவுக்குழாயின் உள்தோல் மாறி, பின்னாளில் புற்றுநோய்க்கும் வழிவிடக்கூடும். அதை வாயைக் கட்டி நிறுத்த முடியாது.

ஆகவே எதுக்களிப்புக்காக பைபாஸ் செய்துகொள்வது என்று முடிவெடுத்திருக்கிறேன். எடை எவ்வளவு இறங்கும் என்று நிபுணரிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன். ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டிய பிறகுதான் தேதி தருவேன் என்றார். இரண்டு முறை நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றியாயிற்று, அடுத்த ரத்தப் பரிசோதனை வரும் வியாழக்கிழமை. மேசை இழுப்பறையில் இப்போது வறுத்த கடலையும் மாத்திரை டப்பாவும் இருக்கின்றன. இரவுப் பாலை நிறுத்தி ஆறு வாரம் ஆகிறது. எரிச்சலோடு எழும்போது வெறுமனே உட்கார்ந்திருக்கிறேன்.